சரக்கு வேகனுக்குத் துருவும் அழுக்கும்: டாமியா வெதரிங் மாஸ்டரோடு ஒரு வருடம்

பெட்டியிலிருந்து எடுத்த மாடல் வேகனை அப்படியே தண்டவாளத்தில் வைக்க எனக்கு மனசு வராது. எழுத்துகள் பளிச்சென்று இருக்கும், அடிச்சட்டம் கருப்பு பிளாஸ்டிக்காக மினுமினுக்கும், சக்கரங்கள் நேற்று வாங்கிய பாத்திரம் மாதிரி ஜொலிக்கும். நிஜ சரக்கு வேகன் பட்டறையை விட்டு வெளியே வந்து நாலு தடவை ஓடினாலே அந்தப் பளபளப்பு போய்விடும். அதனால் புது வேகன் எது வந்தாலும் முதல் வேலை அதைப் பழசாக்குவதுதான். இதற்காகத் தூள் பிக்மென்ட், நீர்த்த பெயின்ட், எண்ணெய் வண்ணம், பென்சில் என்று பல வருடமாக என்னென்னவோ பயன்படுத்தியிருக்கிறேன். கடந்த ஒரு வருடமாகப் பெரும்பாலும் ஜப்பானிய மாடல் நிறுவனமான டாமியாவின் வெதரிங் மாஸ்டர் டப்பாக்கள்தான். பதினான்கு வேகன் முடித்தாயிற்று, அதனால் இதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். முகத்துக்குப் போடும் காம்பாக்ட் பவுடர் டப்பா எப்படி இருக்குமோ அப்படியே இருக்கும். மூடியைத் திறந்தால் மூன்று நிறக் கட்டிகள், கூடவே ஒரு குட்டிக் குச்சி, அதன் ஒரு முனையில் ஸ்பான்ஞ், மறுமுனையில் பிரஷ். தின்னர் வேண்டாம், கலக்க வேண்டாம், காயும்வரை காத்திருக்க வேண்டாம். உள்ளே இருப்பது உலர்ந்த தூள் இல்லை, லேசான பிசுபிசுப்போடு கட்டியாக்கிய தூள், அதனால் தொட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஏ செட்டில் மணல், இளமணல், சேறு. பி செட்டில் பனி, புகைக்கரி, துரு. சி செட்டில் ஆரஞ்சுத் துரு, துப்பாக்கி உலோக நிறம், வெள்ளி. டி செட்டில் சூட்டில் கன்றிய நீலம், சிவப்பு, அப்புறம் எண்ணெய்க் கறை. இவற்றுக்கு மேலும் செட்டுகள் உண்டு. சரக்கு வேகனுக்கு இந்த நான்கே போதும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த குணம் ஒன்று. தவறாகப் போட்டால் துடைத்துவிடலாம். லேசாக ஈரமாக்கிய காதுக்குச்சியால் தேய்த்தால் பெரும்பகுதி வந்துவிடும். சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் பழசாக்கும் வேலையில் கெட்டுப்போகிற வேகன்களில் பாதிக்கு மேல் எங்கே நிறுத்துவது என்று தெரியாததால்தான் கெட்டுப்போகின்றன. பெயின்டோ வாஷோ (நீர்க்கக் கரைத்த பெயின்ட்) காய்ந்துவிட்டால் போட்டது போட்டதுதான், சரிசெய்யப் போய் மேலும் மேலும் பூசி, கடைசியில் வேகன் சேற்றில் புரண்டு எழுந்தது மாதிரி ஆகிவிடும். இதில் அந்தப் பயம் இல்லை. போட்டுப் பார்த்து, தள்ளி நின்று பார்த்து, பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிட்டு மறுபடி போடலாம். ஒரு எச்சரிக்கை: தூள் புள்ளியாகத் தங்கிய மூலைகளிலும் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் மேலும் முழுசாக வராது, ஒரு சாயல் நின்றுவிடும். அந்தச் சாயலே பல நேரம் நன்றாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

நான் முதலில் கைவைத்தது ஓஓ (OO) அளவில், அதாவது நிஜத்தில் ஏறக்குறைய 76-ல் ஒரு பங்கு அளவில், ஒரு பிரிட்டிஷ் 16 டன் நிலக்கரி வேகன். சாம்பல் நிற இரும்பு உடம்பு, பக்கவாட்டில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு. முனைக்கதவு எந்தப் பக்கம் என்று காட்டத்தான் அந்தக் கோடு. நிஜத்தில் இந்த வேகன்கள் பயங்கரமாகத் துருப்பிடித்தவை. நிலக்கரி உள்ளே இடித்து இடித்துப் பெயின்ட் போகும், ஈரக் கரி நாள்கணக்கில் உள்ளேயே கிடக்கும், துரு உள்ளிருந்து வெளியே வரும். அதனால் வெளிப்பக்கம் துரு சீராகப் படராது. தகடு பற்றவைத்த கோட்டில், கதவுக் கீலைச் சுற்றி, கீழ் விளிம்பில், கதவு விழுந்து மோதும் இடத்தில் என்று திட்டுத்திட்டாக வரும்.

ஸ்பான்ஞ் முனையில் பி செட்டின் துருவை எடுத்து, காகிதத்தில் இரண்டு தடவை ஒற்றி அதிகத்தை நீக்கிவிட்டு, கீழ் விளிம்பில் ஒற்றினேன். இழுக்கவில்லை, ஒற்றினேன். இழுத்தால் பட்டை பட்டையாக வரும், ஒற்றினால் ஓரம் ஒழுங்கில்லாமல், நிஜத் திட்டு மாதிரி வரும். அந்தத் திட்டின் நடுவில் மட்டும் ஊசிமுனை பிரஷ்ஷால் புகைக்கரியும் துருவும் கலந்து ஒரு அடர்ந்த புள்ளி வைத்தேன், ஏனென்றால் பழைய துரு நடுவில் கருத்த பழுப்பாக இருக்கும், புதிதாகப் பரவுகிற ஓரம்தான் ஆரஞ்சாக இருக்கும். இதைத் தலைகீழாகச் செய்து நடுவில் ஆரஞ்சு வைப்பவர்கள் நிறைய. அப்படிச் செய்தால் வேகனில் யாரோ ஆரஞ்சுப் பொட்டு வைத்தது போலத் தெரியும். சி செட்டின் ஆரஞ்சுத் துருவைத் தொடும்போதெல்லாம் நான் கையைக் கட்டிக்கொள்வேன். அந்த நிறத்துக்கு நிஜ வேகனில் இடம் ரொம்பக் கொஞ்சம்: சமீபத்தில் உராய்ந்த இடம், கரி கொட்டிய உடனே நனைந்த உள்தரை, அவ்வளவுதான்.

வெள்ளைக் கோட்டின் மேல் என்ன செய்வது என்று கொஞ்சம் யோசித்தேன். அது அப்படியே பளிச்சென்று இருந்தால் மற்றது அத்தனையும் வீண், கண் நேராக அங்கேதான் போகும். புகைக்கரியை ஸ்பான்ஞ்சில் ரொம்ப லேசாக எடுத்து மேலிருந்து கீழாக நான்கு தடவை தடவினேன். வெள்ளை அழுக்கு வெள்ளையானது. கோட்டின் ஓரத்தில் ஒரு இடத்தில் பெயின்ட் உரிந்த மாதிரி ஒரு துருத் துணுக்கு. கோடு அன்றே உடம்போடு சேர்ந்துகொண்டது.

அளவு விஷயத்தில் ஒரு கணக்கு எப்போதும் மனதில் இருக்க வேண்டும். ஓஓ என்றால் ஏறக்குறைய 1:76. ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குத் துருக்கோடு இழுத்தால் நிஜத்தில் அது 7.6 செ.மீ., அதாவது ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அகலம். 1:87 ஹெச்ஓ (HO) அளவில் 8.7 செ.மீ. 1:160 ‘என்’ (N) அளவில் 16 செ.மீ. ஆகிவிடும்! ஒரு ரிவெட்டிலிருந்து ஒழுகும் துரு உள்ளங்கை அகலத்துக்கு வராது. டப்பாவோடு வரும் குச்சியின் பிரஷ் இந்த நுணுக்கத்துக்குத் தடிமன் அதிகம், ஸ்பான்ஞ் பெரிய பரப்புக்குத்தான். அதனால் இந்த வாங்கலோடு இரண்டு நல்ல ஊசிமுனை பிரஷ்களையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். நான் பழைய பிரஷ் ஒன்றின் மயிரைப் பாதிக்கு வெட்டி, கட்டையான கொத்தாக்கி வைத்திருக்கிறேன். திட்டுகளை ஒற்ற அதைவிடச் சிறந்தது இல்லை.

இந்த டப்பாக்கள் உண்மையில் ஜெயிக்கிற இடம் அடிச்சட்டம். வேகனின் கீழ்ப்பகுதி அழுக்காவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. பழைய வேகன்களில் பிரேக் கட்டை வார்ப்பிரும்பு. ஒவ்வொரு தடவை பிரேக் பிடிக்கும்போதும் இரும்புத்தூள் பறந்து போய்ப் பக்கத்தில் இருப்பதிலெல்லாம் ஒட்டி, அங்கேயே துருப்பிடிக்கும். அதனால்தான் சக்கரத்தின் முகம், பிரேக் நெம்புகோல், அச்சுப்பெட்டி (சக்கர அச்சின் முனை உட்காரும் பெட்டி) எல்லாமே ஒரே பழுப்பில் போர்த்தியது மாதிரி இருக்கும். துருப்பிடித்த இரும்பு நிறம் வேறு, இந்தத் தூசிப் பழுப்பு வேறு. ஏ செட்டின் சேறும் பி செட்டின் துருவும் பாதிக்குப் பாதி சேர்த்தால் அது அப்படியே கிடைக்கிறது. இதைப் பெரிய மென்மையான பிரஷ்ஷால் கீழிருந்து மேல்நோக்கி, உடம்பின் கீழ் விளிம்பு வரை மறையும்படி தேய்த்தேன். கருப்பு பிளாஸ்டிக்கின் மேல் இது விழுந்ததும், அதுவரை ஒரே கருப்பில் மறைந்திருந்த இலைவில் (லீஃப் ஸ்பிரிங்), போல்ட் தலை, கைப்பிரேக் நெம்புகோல் எல்லாம் எழுந்து நின்றன. அந்த ஒரு நிமிடத்துக்காகவே இந்த டப்பாவை வாங்கலாம்.

அச்சுப்பெட்டிக்கு டி செட்டின் எண்ணெய்க் கறை. பழைய சாதாரண பேரிங் அச்சுப்பெட்டிகளில் எண்ணெய் கசிந்து முன்பக்கத்தில் கருத்து வழியும், சக்கரத்தின் நடுப்பகுதியிலும் தெறித்துப் பரவியிருக்கும். உருளை பேரிங் வந்த பிறகான வேகன்களில் இது அவ்வளவு இருக்காது, எனவே நவீன வேகனில் இதைப் போட்டால் தப்பு. கறையில் இயல்பாகவே ஒரு மினுமினுப்பு இருப்பதால் சுற்றிலும் உள்ள உலர்ந்த தூசிப் பழுப்பிலிருந்து தனித்துத் தெரிகிறது. உலர்ந்த தூளால் இந்த ஈரத் தோற்றத்தை ஒருநாளும் கொண்டுவர முடியாது. பஃபர் (வேகன்கள் மோதும்போது அதிர்வைத் தாங்க முனையில் இருக்கும் வட்டத் தகடு) முகத்துக்கும் இதே முறைதான், நடுவில் துப்பாக்கி உலோக நிறத்தை விரல் நுனியால் தேய்த்து, சுற்றிலும் எண்ணெய்க் கறை. கிரீஸ் தடவிய இரும்பு ஒன்றோடொன்று மோதி மெருகேறிய மாதிரியே இருக்கிறது.

சக்கரத்தின் முகத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள், தண்டவாளத்தைத் தொடும் ஓடுபரப்பில் மட்டும் துளிகூடப் படக்கூடாது. நிஜத்திலும் அந்த இடம் வெள்ளியாகத்தான் மின்னும். மாடலில் அங்கே அழுக்குச் சேர்ந்தால் தண்டவாளம் பூராவும் பரவி என்ஜினுக்கு மின்சாரம் போவது கெடும். நான் சக்கரத்தைக் கழற்றி முகத்தை மட்டும் முடித்துவிட்டு, ஓடுபரப்பை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்த பிறகுதான் மாட்டுவேன்.

வேகனின் இரு முனைச்சுவர்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மழையில் ஓடும்போது சக்கரம் தண்டவாளத்து நீரையும் அழுக்கையும் மேலே வாரி அடிக்கும், அது முனைச்சுவரில் சக்கரத்துக்கு நேராக இரண்டு செங்குத்துப் பட்டைகளாகப் படியும். அமெரிக்க மூடு வேகன்களில் இது நன்றாகத் தெரியும். கீழே அடர்த்தி, மேலே போகப் போக மங்கல். சேறு நிறத்தைச் சின்ன ஸ்பான்ஞ்சால் கீழிருந்து மேலே ஒரே இழுப்பில் இழுத்தால் வேலை முடிந்தது, ஒரு முனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. ரயில் வளைவில் திரும்பும்போது இரண்டு வேகனுக்கு நடுவில் அந்தப் பட்டைகள் தெரியும் பாருங்கள், அவ்வளவு நிஜமாக இருக்கும்.

சரி, இதனால் முடியாத வேலைகளுக்கு வருகிறேன். இவை இந்த வகைக் கட்டித்தூள் எல்லாவற்றுக்கும் உள்ள எல்லைகள்.

முதலாவது, ஒழுகல். கதவு போல்ட்டிலிருந்து மழைநீரோடு துரு இறங்கிய மெல்லிய கோடு இதில் வராது. எவ்வளவு மெல்லிய பிரஷ் எடுத்தாலும் அது தடவிய தடவலாகத்தான் இருக்கும், ஒழுகியதாக இருக்காது. அதற்கு எண்ணெய் வண்ணம்தான். போல்ட் மேல் ஒரு ஊசிமுனைப் புள்ளி வைத்து, கால் மணி நேரம் விட்டு, ஒயிட் ஸ்பிரிட்டில் (எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் தின்னர்) நனைத்து நன்றாகத் துடைத்த தட்டைப் பிரஷ்ஷால் மேலிருந்து கீழே ஒரே நேராக இழுக்க வேண்டும். புள்ளி பெரிதாக இருந்தால் கோடு தடித்துவிடும், பிரஷ்ஷில் ஈரம் அதிகமாக இருந்தால் புள்ளியே கரைந்து ஓடிவிடும். ஒரு பக்கத்துக்கு நான்கைந்து கோடு, அவையும் ஒரே நீளத்தில் வேண்டாம். இதைத் தூள் வேலைக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள், ஸ்பிரிட் பட்டால் தூள் கரையும்.

இரண்டாவது, வெளிறல். வெயிலில் நின்ற வேகனின் நிறம் மங்கும், செங்காவி நிறம் இளஞ்சிவப்புப் பக்கம் போகும், கருப்பு சாம்பலாகும். மொத்த உடம்பையும் பனி நிறத்தால் தடவி இதைக் கொண்டுவர முயன்றேன். பெரிய தட்டையான பக்கத்தில் தேய்த்த தடங்கள் தெரிந்தன, சில இடத்தில் மினுங்கவும் செய்தது. இதற்கு வேகனின் அதே நிறத்தில் கொஞ்சம் வெள்ளை சேர்த்து, தண்ணீர் மாதிரி நீர்க்க வைத்து, ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தால் பெயின்ட்டைத் தூவும் கருவி) லேசாக அடிப்பதே சரியான வழி. ஏர்பிரஷ் இல்லாதவர்கள் மேட் வார்னிஷ் அடித்து அதன் மேல் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைத் தடவிப் பார்க்கலாம். சில மேட் வார்னிஷ்கள் அப்போது வெள்ளையாகப் பூத்து, அருமையான வெளிறிய தோற்றம் தரும். மேலே மறுபடி வார்னிஷ் அடித்தால் அந்தப் பூப்பு மறைந்துவிடும். அச்சடித்த எழுத்துகளை ஆல்கஹால் அழித்துவிடவும் கூடும், முதலில் வேகனின் அடியில் ஒரு ஓரத்தில் சோதித்துவிட்டு மேலே வாருங்கள். நான் சோதிக்காமல் ஒரு மூடு வேகனின் எண்ணில் பாதியை இழந்தேன். இப்போதும் அந்த வேகனைப் பார்த்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

மூன்றாவதுதான் பெரிய கேள்வி: மேலே வார்னிஷ் அடிக்கலாமா? அடித்தால் தூள் மங்கும். எந்தத் தூளானாலும் அப்படித்தான், நேற்று ராத்திரி அவ்வளவு அழகாக இருந்த இளமணல் புழுதி காலையில் காணாமல் போயிருக்கும். அடிக்காவிட்டால் கை பட்ட இடமெல்லாம் தேய்ந்து விரல் அடையாளம் விழும். உலர்ந்த தூளைவிட இது நன்றாகவே பிடித்துக்கொள்கிறது, ஓடும்போது உதிர்வதில்லை, ஆனால் விரலுக்குத் தாங்காது. நான் நடுவழியில் போகிறேன். வேலைக்கு முன் மேட் வார்னிஷ் ஒரு பூச்சு, அப்போதுதான் தூளுக்குப் பிடிமானம் கிடைக்கும். அப்புறம் துருவும் கரியும் போட்டு, வேண்டியதைவிடக் கொஞ்சம் அழுத்தமாகவே போட்டு, மறுபடி மெல்லிய வார்னிஷ். கடைசியாகப் புழுதி மட்டும் மேலே, அதற்கு வார்னிஷ் கிடையாது. வேகனை எடுக்கும்போது சக்கரப் பக்கத்தில் பிடித்து எடுப்பேன்.

வார்னிஷ் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. மழைநாளில் ஸ்ப்ரே டப்பாவைத் தொடாதீர்கள். காற்றில் ஈரம் அதிகமாக இருந்த ஒரு சாயங்காலம் அவசரப்பட்டு அடித்ததில், மூன்று வேகன்கள் பனிமூட்டம் பூத்த மாதிரி வெளுத்துவிட்டன. நன்றாகக் காய்ந்த நாளில் மறுபடி அதே வார்னிஷ்ஷை மெல்லிதாக அடித்து இரண்டைக் காப்பாற்றினேன், மூன்றாவதை முழுக்க உரித்துத் திரும்பப் பெயின்ட் அடிக்க வேண்டி வந்தது.

உலர்ந்த தூள் பிக்மென்ட்டோடு ஒப்பிட்டால்? நிறங்கள் அதில் அதிகம், ஒரு சின்ன ஜாடி வருடக்கணக்கில் வரும், முழுக்க மேட்டாக இருக்கும். உள்ளே கரி ஏற்றிய வேகனின் மூலைகளில் கரித்தூள் குவிந்த மாதிரி காட்ட, சிமென்ட் வேகனின் மேல்மூடியைச் சுற்றிக் கொட்டிய சிமென்ட் காட்ட அதுதான் வேண்டும், ஏனென்றால் அதைக் குவிக்க முடியும், இதை முடியாது. ஆனால் மேசை, கை, சட்டை எல்லாம் அழுக்காகும், ஊதினால் பறக்கும், மூக்கில் ஏறும், அதனால் முகமூடி போட்டே வேலை செய்ய வேண்டும். ராத்திரி அரை மணி நேரம் கிடைத்தால் உட்கார்ந்து ஒரு வேகனை முடித்துவிட்டு மூடி வைக்கலாம் என்ற வசதி டப்பாவில்தான் இருக்கிறது. வேலைக்குப் போய் வந்து இதைச் செய்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

ஒரே ஒரு டப்பா வாங்குவதானால் கண்ணை மூடிக்கொண்டு பி செட். துருவும் புகைக்கரியும் இல்லாமல் எந்த வேகனும் முடியாது. பனி நிறத்தைப் பனிக்கு என்று நினைக்காதீர்கள், மற்ற நிறங்களோடு சேர்த்து அவற்றை வெளுப்பாக்க அதுதான் உதவுகிறது. இரண்டாவது ஏ, மூன்றாவது டி. சி செட் கடைசியில் போதும், பஃபருக்கும், இரும்பு உரசிப் பளபளத்த விளிம்புக்கும் மட்டும் தேவைப்படும்.

ஒரு ரயிலில் இருபது வேகன் இருந்தால் இருபதையும் ஒரே மாதிரி அழுக்காக்கிவிடாதீர்கள். நிஜ ரயிலில் போன மாதம் பெயின்ட் அடித்தது ஒன்று, பத்து வருடமாகப் பெயின்ட் பார்க்காதது ஒன்று, பலகை மாற்றிய இடம் மட்டும் புது மரமாக நிற்பது ஒன்று என்று கலந்து கட்டிப் போகும். நீங்கள் எந்தக் காலத்தைக் காட்டுகிறீர்களோ அந்தக் காலத்து நிஜ வேகனின் புகைப்படத்தை முன்னால் வைத்துக்கொண்டுதான் டப்பாவைத் திறக்க வேண்டும். நினைவிலிருந்து போட்டால் கை தானாகவே எல்லா இடத்திலும் சமமாகப் போட்டுவிடும். பெயின்ட் போன மரம் பழுப்பாகாது, சாம்பலாகும் என்பதெல்லாம் படத்தைப் பார்த்தால்தான் உறைக்கும்.

பதினான்கு வேகனுக்குப் பிறகு என் பி செட்டில் துருக் கட்டியின் நடுவில் டப்பாவின் அடி தெரிகிறது, புகைக்கரி பாதி இருக்கிறது, பனி நிறம் முக்கால்வாசி இருக்கிறது. குச்சியின் ஸ்பான்ஞ் பிய்ந்துபோய், இப்போது கண்ணிமைக்கு ஐ ஷேடோ பூசும் ஸ்பான்ஞ் குச்சிகளைத்தான் பயன்படுத்துகிறேன், அளவு சரியாகப் பொருந்துகிறது. அடுத்த பி செட் வாங்கி வைத்தாயிற்று. மேசையில் ஒரு எண்ணெய் டேங்கர் வேகன் காத்திருக்கிறது, நிரப்பும் வாயிலிருந்து இரு பக்கமும் வழிந்த கறையை டி செட்டாலேயே கொண்டுவர முடியுமா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும்.